பழைய மோட்டார் யாட் வாங்குவதற்கு முன் சர்வேயரை அமர்த்துவது எப்படி? புதுச்சேரி, கடலூர்க்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

புதுச்சேரியில் பழைய யாட், அதாவது எஞ்சின் வைத்த உல்லாசப் படகு, தேடுகிறவர்கள் இரண்டு வகை. நோணாங்குப்பம், அரியாங்குப்பம் பக்கம் விடுதி நடத்திக்கொண்டு, விருந்தினரைக் கடலுக்கு அழைத்துப் போக நினைப்பவர்கள் ஒரு வகை. ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு கடலுக்குப் போய்வர ஆசைப்படுகிறவர்கள் இன்னொரு வகை. இருவருக்கும் கண்ணில் படுவது பெரும்பாலும் மும்பை, கோவா, கொச்சியில் விற்பனைக்கு நிற்கும் படகுகள்தான். படத்தில் பளிச்சென்று இருக்கும். மெத்தை புதிது, பாலிஷ் புதிது. தண்ணீருக்குக் கீழே என்ன இருக்கிறது என்பது மட்டும் எந்தப் படத்திலும் வராது.

படகைச் சோதித்து அதன் நிலையை அறிக்கையாக எழுதித் தருகிறவர் சர்வேயர். அவர் வேண்டுமா வேண்டாமா என்று இங்கே விவாதிக்கப் போவதில்லை. வேண்டும். அதற்கு அடுத்த விஷயத்தில்தான் நம் ஆட்கள் கோட்டை விடுகிறார்கள். நல்ல சர்வேயராகப் பார்த்துப் பிடிக்கிறார்கள், பணமும் கொடுக்கிறார்கள், ஆனால் என்ன பார்க்க வேண்டும் என்று எழுதிக் கொடுப்பதில்லை. படகைக் கரையேற்றாமல், தரைப்பலகையைத் திறக்காமல், எஞ்சினை ஓட்டாமல் அவர் ஒரு அறிக்கை கொடுக்கிறார். அதில் பாதிப் பக்கங்களில் "பார்க்க இயலவில்லை" என்று இருக்கிறது. யாரைக் கூப்பிடுகிறீர்கள் என்பதைவிட, அவரிடம் என்ன வேலை சொல்கிறீர்கள், எதையெல்லாம் திறந்து காட்ட ஏற்பாடு செய்கிறீர்கள் என்பதுதான் சர்வேயின் தரத்தைத் தீர்மானிக்கும்.

நம் பக்கத்தில் இது இன்னும் முக்கியம். யாட் மட்டுமே பார்க்கும் சர்வேயர்கள் இங்கே குறைவு. வருகிறவர் சரக்குக் கப்பல், இழுவைப் படகு, விசைப்படகு என்று பார்த்துப் பழகியவராக இருப்பார். திறமையில் குறை இருக்காது. ஆனால் "ஒரு சர்வே பண்ணிக் கொடுங்க சார்" என்று பொதுவாகச் சொன்னால், தனக்குப் பழக்கமான சர்வேயைச் செய்துவிட்டுப் போய்விடுவார்.

படி 1: எந்த சர்வே என்று தெளிவாக இருங்கள்

சர்வே என்ற ஒரே பெயரில் நாலைந்து வேலைகள் இருக்கின்றன. இன்சூரன்ஸ் எடுப்பதற்கான சர்வே, படகு காப்பீட்டுக்குத் தகுதியா என்று மட்டும் பார்க்கும். விபத்துக்குப் பிறகு செய்வது சேத மதிப்பீடு. அரசு சர்வேயர் செய்வது சட்டப்படியான சான்றிதழுக்கானது. உங்களுக்குத் தேவை வாங்குவதற்கு முந்தைய முழு சர்வே: படகின் நிலை, குறைகள், சந்தை மதிப்பு மூன்றும் அதில் வர வேண்டும்.

விற்பவர் "போன வருஷம்தான் இன்சூரன்ஸ் சர்வே பண்ணோம், ரிப்போர்ட் இருக்கு, எதுக்கு இன்னொண்ணு?" என்று ஒரு ஃபைலை நீட்டுவார். வாங்கிப் படியுங்கள், நல்ல தகவல் கிடைக்கும். ஆனால் அதை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். அது அவருக்காக எழுதப்பட்ட அறிக்கை. அதில் தவறு இருந்தாலும் அந்த சர்வேயர் உங்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் இல்லை.

பயணிகளை ஏற்றிக் காசு வாங்கப் போகிறவர்கள் இன்னொன்றையும் மனதில் வைக்க வேண்டும். தனியார் சர்வேயரின் அறிக்கை அரசுச் சான்றிதழுக்கு மாற்று ஆகாது. ஆற்றிலும் கழிமுகத்திலும் ஓடும் எந்திரப் படகுகளுக்கு 2021ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டம் இருக்கிறது. பதிவு, அரசு சர்வே, பாதுகாப்புக் கருவிகள் எல்லாம் அதில் வரும். வாங்கப்போகும் படகு அந்தச் சான்றிதழைப் பெறும் நிலையில் இருக்கிறதா என்று உங்கள் சர்வேயரிடம் தனிக் கேள்வியாகவே கேட்டுவிடுங்கள்.

படி 2: ஆளைத் தேடுவது

இந்தியாவில் மரைன் சர்வேயர் என்று அட்டை அடித்துக்கொள்ள ஒரே ஒரு உரிமம் என்று எதுவும் கிடையாது. அதனால் பின்னணியைத்தான் பார்க்க வேண்டும். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ, இழப்பு மதிப்பிடும் சர்வேயர்களுக்குப் பிரிவு வாரியாக உரிமம் கொடுக்கிறது. அதில் மரைன் கார்கோ (சரக்கு) ஒரு பிரிவு, மரைன் ஹல் (கலத்தின் உடல்) இன்னொரு பிரிவு. கார்கோ உரிமம் வைத்திருப்பவர் நனைந்த அரிசி மூட்டையை எண்ணுவதில் கெட்டிக்காரராக இருக்கலாம். உங்களுக்கு வேண்டியது ஹல். வாங்குவதற்கு முந்தைய சர்வேக்கு அந்த உரிமம் சட்டப்படி கட்டாயம் இல்லைதான். ஆனாலும் ஆள் எந்தத் துறையில் வேலை பார்த்தவர் என்பது அதில் தெரிந்துவிடும்.

மும்பையைத் தலைமையிடமாகக் கொண்டு 1975இல் தொடங்கப்பட்ட இந்தியன் ரிஜிஸ்டர் ஆஃப் ஷிப்பிங்கில் வேலை பார்த்து வெளியே வந்தவர்கள், கடற்படை அல்லது கடலோரக் காவல்படையில் இருந்து ஓய்வு பெற்ற பொறியாளர்கள், கப்பல் வடிவமைப்பு படித்தவர்கள் ஆகியோர் சென்னையிலும் கொச்சியிலும் கிடைப்பார்கள். இங்கிலாந்தில் இருக்கும் சர்வதேச மரைன் சர்வேயிங் நிறுவனமான ஐஐஎம்எஸ்-இன் உறுப்பினர்களும் இந்தியாவில் உண்டு. அமெரிக்காவின் எஸ்ஏஎம்எஸ் போன்ற அமைப்புகளின் சான்று இருந்தால் யாட் அனுபவம் இருக்க வாய்ப்பு அதிகம்.

போனில் பேசும்போது கேட்க வேண்டியவை:

"சார், நீங்க பார்க்கிறது ஹல்லா, கார்கோவா?"

"ஃபைபர் யாட் கடைசியா எப்ப பார்த்தீங்க? பேரை மறைச்சுட்டு அந்த ரிப்போர்ட்டை அனுப்ப முடியுமா?"

"இந்தப் படகை விக்கிறவரையோ புரோக்கரையோ உங்களுக்குத் தெரியுமா?"

"தொழில் பொறுப்புக் காப்பீடு வெச்சிருக்கீங்களா?"

"எஞ்சினையும் நீங்களே பார்ப்பீங்களா, வேற ஆள் வேணுமா?"

இரண்டாவது கேள்விக்கு வரும் பதில்தான் எனக்கு முக்கியம். மாதிரி அறிக்கையைப் பார்த்தால் ஆள் எப்படி என்று தெரிந்துவிடும். நான்கு பக்கம், அதில் இரண்டு பக்கம் படகின் நீள அகலம் என்றால் வேறு ஆளைப் பாருங்கள். ஒவ்வொரு குறைக்கும் படம், இடம், எவ்வளவு அவசரம் என்ற குறிப்பு, எதைப் பார்க்க முடியவில்லை என்ற பட்டியல் எல்லாம் இருக்க வேண்டும். கடைசிக் கேள்விக்கு "எல்லாம் நானே பார்த்துக்கிறேன்" என்பவரைவிட, "எஞ்சினுக்குத் தனியா ஒருத்தரைப் போடுங்க" என்பவரை நம்பலாம்.

புரோக்கர் சிபாரிசு செய்யும் சர்வேயரை மட்டும் எடுக்காதீர்கள். அந்த மனிதர் நேர்மையானவராகவே இருக்கலாம். ஆனால் அவருக்கு அடுத்த வேலை புரோக்கரிடமிருந்துதான் வர வேண்டும்.

படி 3: முன்பணம் கொடுக்கும்போதே எழுதிக்கொள்ளுங்கள்

விலை பேசி முடித்துவிட்டு, முன்பணமும் கொடுத்துவிட்டு, அப்புறம் சர்வே என்றால் உங்கள் பிடி தளர்ந்துவிடும். ஒப்பந்தத் தாளிலேயே இந்த விலை சர்வேக்கும் கடல் ஓட்டத்துக்கும் உட்பட்டது என்று ஒரு வரி இருக்க வேண்டும். சர்வே முடிவு வாங்குபவருக்குத் திருப்தி இல்லையென்றால் முன்பணம் முழுவதும் திரும்பும் என்று இன்னொரு வரி. விலையில் 10 சதவீதம் முன்பணம் என்பது யாட் வியாபாரத்தில் வழக்கம். அதை விற்பவர் கையில் கொடுக்காமல், முடிந்தால் வக்கீல் அல்லது இருவருக்கும் பொதுவான ஒருவரின் கணக்கில் வையுங்கள்.

செலவுகளையும் பிரித்து எழுதுங்கள். சர்வேயர் கட்டணம், கரையேற்றும் செலவு, எண்ணெய்ப் பரிசோதனை எல்லாம் வாங்குபவர் பொறுப்பு. படகை ஓட்டிக் காட்டுவதும் அதற்கான ஆளும் விற்பவர் பொறுப்பு. சோதனையின்போது ஏதாவது உடைந்தால் யார் கட்டுவது என்பதையும் அப்போதே பேசிவிட்டால் பின்னால் சண்டை இல்லை.

படி 4: வேலைக் கடிதம்

கேட்டால் சர்வேயரே ஒரு ஒப்பந்தம் அனுப்புவார். அதைப் படியுங்கள், பொறுப்பு வரம்பு எவ்வளவு என்று பாருங்கள். அதோடு உங்கள் பக்கத்திலிருந்து கீழே உள்ள மாதிரி ஒரு கடிதம் போக வேண்டும். தமிழிலோ ஆங்கிலத்திலோ, எப்படியானாலும் சரி.

"இந்தப் படகை நான் புதுச்சேரியில் வைத்துக் கரையோரக் கடலில், ஒரு தடவைக்கு இத்தனை பேரோடு, பகலில் மட்டும் ஓட்டப் போகிறேன். அந்தப் பயன்பாட்டுக்கு இது தகுதியா என்று சொல்லுங்கள். படகைக் கரையேற்றி, அடியைக் கழுவி, சுத்தியலாலும் ஈரமானியாலும் முழுவதும் சோதியுங்கள். ஈரமானி அளவுகளைப் படத்தில் குறித்துத் தாருங்கள். அடித்தளத்தில் உள்ள எல்லா வால்வுகளையும் திறந்து மூடிப் பாருங்கள். எரிபொருள் தொட்டி, பேட்டரி, கம்பி இணைப்பு, பில்ஜில் (படகின் அடிக்குழியில்) சேரும் தண்ணீரை இறைக்கும் பம்ப், தீயணைப்பான் ஆகியவற்றைச் சோதியுங்கள். கடல் ஓட்டத்தில் உடன் வாருங்கள். குறைகளை உடனடி ஆபத்து, ஓட்டுவதற்கு முன் சரிசெய்ய வேண்டியது, பராமரிப்பு என மூன்றாகப் பிரியுங்கள். பார்க்க முடியாத இடங்களைத் தனியாக எழுதுங்கள். இன்றைய சந்தை மதிப்பைச் சொல்லுங்கள். அறிக்கை எனக்கு மட்டும் வர வேண்டும்."

முதல் இரண்டு வரிகளைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். மும்பைத் துறைமுகத்துக்குள் ஓடுவதற்குப் போதுமான படகு, நம் கடற்கரையில் அலை உடைகிற இடத்தைத் தாண்டுவதற்குப் போதாமல் இருக்கலாம். ஐரோப்பாவில் கட்டிய படகுகளில் கட்டியவரின் தகடு இருக்கும். அதில் ஏ, பி, சி, டி என்று ஒரு எழுத்து இருக்கும். சி என்றால் 2 மீட்டர் அலை, பியூஃபோர்ட் என்ற காற்று அளவுகோலில் 6 வரைக்கும் வடிவமைத்தது. பி என்றால் 4 மீட்டர், 8 வரை. டி எழுத்துப் படகை வாங்கி வங்கக் கடலில் இறக்குவது கூடவே கூடாது. அது குளத்துக்கும் ஏரிக்கும் உரியது.

ஆழத்தையும் கேளுங்கள். அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் மணல் சேர்வதும், மீன்பிடிப் படகுகள் தரைதட்டுவதும் தேங்காய்த்திட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். உங்கள் யாட்டுக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும், புரொப்பல்லர் எவ்வளவு கீழே தொங்குகிறது என்பதைச் சர்வேயர் அளந்து சொல்லட்டும். வாய்க்கால் நிலவரத்தை உள்ளூர் ஸ்ராங்கு (படகை ஓட்டும் தலைவர்) ஒருவரிடம் கேளுங்கள். அதில் அவருக்குத் தெரிந்தது சர்வேயருக்குத் தெரியாது.

படி 5: எப்போது, எங்கே

படகு ஏற்கெனவே நம் பக்கத்தில் இருந்தால், பிப்ரவரி, மார்ச் மாதங்கள்தான் சர்வேக்கு ஏற்றவை. வாடைக்காற்று அடங்கியிருக்கும், கடல் படியும், மழை இருக்காது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் ஈரமானி எடுத்துக்கொண்டு போனால் எல்லாமே ஈரம் என்றுதான் காட்டும். கிழக்குக் கடற்கரையின் மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை இன்னொரு சிக்கல்: விசைப்படகுகள் எல்லாம் பழுது பார்க்கக் கரையேறும். கிரேனும் கிடைக்காது, மெக்கானிக்கும் கிடைக்கமாட்டார்.

கரையேற்றுவதைத் தவிர்க்க ஆளாளுக்கு யோசனை சொல்வார்கள். குஜராத் பக்கம் ஓதம் பல மீட்டர் ஏறி இறங்கும். வற்றத்தில் படகைத் தரையில் உட்கார வைத்து அடியைப் பார்த்துவிடலாம். நம் கடற்கரையில் ஏற்றவற்ற வித்தியாசம் ஏறக்குறைய ஒரு மீட்டருக்குள்தான். அந்த வழி இங்கே நடக்காது. முக்குளிப்பவரை இறக்கி வீடியோ எடுப்பதும் சரியான மாற்று இல்லை. தண்ணீருக்குள் சுத்தியலால் தட்டிச் சத்தத்தின் வித்தியாசத்தைப் பிடிக்க முடியாது. கிரேன் வைத்துத் தூக்கத்தான் வேண்டும். தூக்கும் முன் படகின் உண்மையான எடையும் பட்டை போட வேண்டிய இடமும் தெரிந்திருக்க வேண்டும். மீன்பிடிப் படகைத் தூக்கிப் பழகிய கிரேன் ஆட்கள் புரொப்பல்லரைச் சுழற்றும் ஷாஃப்டின் மேலேயே பட்டையைப் போட்டுவிடுவது உண்டு. சர்வேயர் வருவதற்கு முந்தைய நாளே தூக்கி, கழுவி, ஒட்டுச்சிப்பியைச் சுரண்டிக் காயவிட்டால் நல்லது.

படி 6: படகு கரையில் இருக்கும் நாள்

அன்றைக்கு நீங்களும் கட்டாயம் அங்கே இருங்கள். பேச வேண்டாம், பின்னால் நடந்தால் போதும். அறிக்கையில் வராத பல விஷயங்கள் அவர் வாயிலிருந்து வரும்.

சர்வேயர் கையில் சின்ன பிளாஸ்டிக் தலைச் சுத்தியல் ஒன்று இருக்கும். ஹல்லின் மீது சாண் சாணாகத் தட்டிக்கொண்டே போவார். நல்ல ஃபைபர் "டக், டக்" என்று கூர்மையாகப் பேசும். அவுட்போர்டு (வெளிப்புற எஞ்சின்) மாட்டும் பின்பலகைக்கு வரும்போது திடீரென்று "தொப்" என்று சத்தம் அமுங்கும். அங்கேயே நின்று, மேலே, கீழே, பக்கவாட்டில் தட்டி, சத்தம் மாறும் எல்லையைச் சாக்பீஸால் கோடு போடுவார். ஃபைபர் பூச்சுக்குள் இருக்கும் மரப்பலகை ஊறி மக்கிவிட்டது என்று அர்த்தம். மேலே பெயின்ட் கண்ணாடி மாதிரி இருக்கும். போல்ட் போட்ட ஓட்டையில் சீலன்ட் காய்ந்து வெடித்ததில் ஆரம்பித்த வேலை அது.

ஈரமானியை நம்புவதிலும் ஒரு நிதானம் வேண்டும். அது ஒரு இடத்தை இன்னொரு இடத்தோடு ஒப்பிடத்தான் உதவும். அது காட்டும் எண் மட்டும் தீர்ப்பு ஆகாது. செம்பு கலந்த அடிப்பூச்சின் மேல் வைத்தாலும், உள்பக்கம் தண்ணீர்த் தொட்டி இருந்தாலும் எண் ஏறும். பூச்சைச் சில இடங்களில் சுரண்டிவிட்டுத்தான் நல்ல சர்வேயர் அளப்பார். அதற்கு விற்பவரின் அனுமதியை முன்கூட்டியே வாங்குங்கள்.

அடியில் கொப்புளங்கள் இருந்தால் பலர் பயந்து ஓடிவிடுகிறார்கள். குத்தினால் வினிகர் வாடையுள்ள நீர் வரும், ஆஸ்மோசிஸ் என்பார்கள். வெதுவெதுப்பான கடலில் கிடக்கும் பழைய பாலியஸ்டர் படகுகளில் இது வரத்தான் செய்யும். என் கணக்கில், ஆங்காங்கே கொப்புளம் என்பது விலை குறைக்க ஒரு காரணம், அவ்வளவுதான். ஊறிப்போன பின்பலகை, ஊறிப்போன டெக், ஹல்லோடு ஒட்டாமல் பிரிந்து நிற்கும் உள்சட்டம் என்பதெல்லாம் வேறு கதை. டெக்கில் கம்பித் தூண் நட்ட இடங்கள், ஜன்னல் ஓரங்கள், நங்கூரச் சக்கரம் பதித்த இடம் ஆகியவற்றில் நடந்து பாருங்கள். கால் லேசாக அமுங்கினால் சொல்லுங்கள்.

அடித்தள வால்வுகளில் பித்தளையாக இருப்பவற்றைச் சுரண்டிப் பார்க்க வேண்டும். மஞ்சளுக்குப் பதிலாக இளஞ்சிவப்பு தெரிந்தால் துத்தநாகம் கரைந்து போய் வெறும் செம்பு எலும்புக்கூடு நிற்கிறது. காலால் ஒரு தட்டுத் தட்டினால் உடையும். உடைந்தால் படகு மூழ்கும். புரொப்பல்லரிலும் இதே நிறத்தைத் தேடுங்கள். அதைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டினால் ஷாஃப்ட் பேரிங் தேய்மானம் கையிலேயே தெரியும். மற்ற உலோகப் பாகங்கள் அரிக்காமல் இருக்கத் தாமே கரைவதற்காக மாட்டும் துத்தநாகக் கட்டைகள் புத்தம் புதிதாக இருந்தால் எப்போது மாட்டினார்கள் என்று கேளுங்கள். சீக்கிரம் சீக்கிரமாகக் கரைகிறது என்றால் படகில் எங்கோ மின்கசிவு இருக்கிறது.

நம் கடற்கரையில் கிடந்த படகு என்றால் ஒரு கேள்வி கூடுதலாக: "ஃபெஞ்சல் அப்ப இது எங்க கட்டியிருந்துச்சு?" 2024 நவம்பர் 30 இரவு அந்தப் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. இன்னும் பழைய படகு என்றால் 2011 டிசம்பர் 30 தானே புயலையும் கேட்கலாம். மூழ்கி எழுந்த படகைத் துடைத்து விற்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. துடைக்க மறக்கும் இடங்கள் சில இருக்கின்றன: மின்பலகையின் பின்புறம், அலமாரிக் கீல்கள், மெத்தைப் பலகையின் அடிப்பக்கத் திருகுகள், வயர் கட்டுகளின் நடுவே. அங்கே வண்டல் தூளோ ஒரே உயரத்தில் துருக்கோடோ இருந்தால் வேறு சாட்சி வேண்டாம்.

மீன்பிடிப் படகை மாற்றிக் கட்டி "யாட்" என்று விற்பதும் நடக்கிறது. மேல்தளம் ஏற்றி, சோபா போட்டு, கண்ணாடி வைத்திருப்பார்கள். கேரளத்தின் தானூரில் 2023 மே 7 அன்று கவிழ்ந்து 22 பேர் இறந்த சுற்றுலாப் படகு, மீன்பிடிப் படகை மாற்றிக் கட்டியதுதான். அளவுக்கு மீறி ஆட்களையும் ஏற்றியிருந்தார்கள். இப்படிப்பட்ட படகில் சர்வேயர் மட்டும் போதாது. கப்பல் வடிவமைப்பாளர் ஒருவர் சாய்வுச் சோதனை செய்து நிலைத்தன்மைக் கணக்கு தர வேண்டும். அது கிடைக்காவிட்டால் விலை எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

படி 7: எஞ்சினுக்குத் தனி ஆள்

ஹல் சர்வேயர் எஞ்சினை வெளியிலிருந்துதான் பார்ப்பார். வோல்வோ பென்டா, கம்மின்ஸ், யான்மார், எதுவானாலும் அந்தக் கம்பெனியின் எஞ்சினில் வேலை பார்த்த மெக்கானிக் ஒருவரைத் தனியாகக் கூப்பிடுங்கள். யாட்டின் பாதி விலை எஞ்சின் அறையில்தான் இருக்கிறது.

போனவுடன் முதல் வேலை, எஞ்சின் பிளாக்கில் கையை வைத்துப் பார்ப்பது. சூடாக இருந்தால் நீங்கள் வருவதற்கு முன் ஓட்டியிருக்கிறார்கள். காலையில் கிளம்ப அடம்பிடிக்கும் எஞ்சினாக இருக்கலாம். ஆறவிட்டு, குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். கிளம்பிய பிறகு புகையைக் கவனியுங்கள். நீலம் என்றால் எண்ணெய் எரிகிறது. கறுப்பு என்றால் சுமை தாங்கவில்லை, அல்லது காற்று போதவில்லை. சூடேறிய பிறகும் வெள்ளை அடங்காவிட்டால் டீசல் சரியாக எரியவில்லை, இல்லையென்றால் உள்ளே தண்ணீர் இறங்குகிறது.

எஞ்சின் எண்ணெய், கியர்பாக்ஸ் எண்ணெய் இரண்டிலும் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பலாம். இரும்பு, செம்பு, அலுமினியத் துகள் அளவு தேய்மானத்தைச் சொல்லும். சோடியம் கூடினால் கடல்நீரோ கூலன்ட்டோ கலக்கிறது. ஒரு தந்திரத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்: சர்வேக்கு முந்தைய நாள் எண்ணெய் மாற்றிவிட்டால் இந்தப் பரிசோதனையால் ஒன்றும் தெரியாது. "கஸ்டமர் வர்றார்னு ஆயில் மாத்தி வெச்சோம்ணே" என்று பெருமையாகச் சொல்வார்கள். அதனால் எண்ணெயைத் தொடாதீர்கள் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மீட்டரில் காட்டும் மணிநேரத்தை, மின்னணுக் கட்டுப்பாடு உள்ள எஞ்சின் என்றால் அதன் கணினியில் இருக்கும் மணிநேரத்தோடு ஒப்பிடுங்கள். மணிநேரம் குறைவு என்பது எப்போதும் நல்ல செய்தி இல்லை. பத்து வருடம் ஓடாமல் கட்டிக் கிடந்த கடல் எஞ்சினைவிட, ஒழுங்காக ஓடிப் பராமரிப்புப் புத்தகம் எழுதிய எஞ்சினையே நான் எடுப்பேன். புகைபோக்கி முழங்கை, ஹீட் எக்ஸ்சேஞ்சர் இரண்டையும் கழற்றிப் பார்க்க முடிந்தால் பாருங்கள். உப்பு முதலில் தின்பது அவற்றைத்தான்.

படி 8: கடல் ஓட்டம்

துறைமுகத்துக்குள் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டுவது கடல் ஓட்டம் ஆகாது. வெளியே போக வேண்டும், ஒன்றரை மணி நேரமாவது ஓட வேண்டும். கிளம்பும் முன் பில்ஜில் தண்ணீர் எவ்வளவு என்று பாருங்கள். திரும்பிய பிறகும் பாருங்கள்.

முழு வேகத்தில் எஞ்சின், அதன் தயாரிப்பாளர் சொன்ன சுழற்சி எண்ணிக்கையைத் தொட வேண்டும். தொடாவிட்டால் மூன்று சந்தேகம்: அடி அழுக்கு, புரொப்பல்லர் பெரிது, எஞ்சின் சோர்வு. அதனால்தான் கரையேற்றிக் கழுவிய பிறகு ஓட்டுவது நல்லது. ஒரு சந்தேகம் அப்போதே கழிந்துவிடும். முழு வேகத்தில் சில நிமிடம் நிறுத்தி வெப்பநிலை ஏறிக்கொண்டே போகிறதா என்று மெக்கானிக் வெப்பமானியோடு உட்கார்ந்து பார்க்கட்டும். சுக்கானை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குத் திருப்புங்கள். பின்னோக்கி ஓட்டுங்கள். ஜெனரேட்டரைப் போட்டு ஏசி, ஃப்ரிட்ஜ் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஓட்டுங்கள். காற்று கொஞ்சம் இருக்கும் மத்தியானமாக இருந்தால் இன்னும் நல்லது. தண்ணீர் கண்ணாடி போல் கிடக்கும் காலையில் எல்லாப் படகும் நல்ல படகுதான்.

படி 9: காகிதம்

இது சர்வேயரின் வேலை முழுவதும் இல்லை, ஆனால் ஹல் எண்ணை அவர்தான் சரிபார்க்க வேண்டும். பின்பலகையின் வலது மேல்பக்கத்தில் அது பொறிக்கப்பட்டிருக்கும். அமெரிக்கப் படகில் 12 எழுத்தும் எண்ணும். 1984க்குப் பிந்தைய வடிவத்தில் கடைசி இரண்டு இலக்கம் மாடல் ஆண்டு. பதிவுச் சான்றில் 2014 என்று இருக்க, ஹல்லில் 08 என்று முடிந்தால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள்.

வெளிநாட்டிலிருந்து வந்த படகு என்றால் சுங்கத்தில் வரி கட்டிய பில் ஆஃப் என்ட்ரியின் நகல், பழைய நாட்டுப் பதிவு நீக்கப்பட்ட சான்று இரண்டும் வேண்டும். வங்கிக் கடன், துறைமுக வாடகை பாக்கி எதுவும் இல்லை என்ற கடிதமும் வாங்குங்கள். படகுக்கு வாடகை பாக்கி இருந்தால் அதைக் கட்டாமல் துறைமுகத்தை விட்டு நகர்த்த விடமாட்டார்கள்.

படி 10: அறிக்கை வந்த பிறகு

வாசலிலேயே "எப்படி சார், வாங்கலாமா?" என்று கேட்காதீர்கள். நல்ல சர்வேயர் அதற்குப் பதில் சொல்லமாட்டார். "என் இடத்தில் நீங்கள் இருந்தால் முதல் வருடம் எதற்கெல்லாம் செலவு செய்வீர்கள்?" என்று கேளுங்கள். அதற்குச் சொல்வார், வரிசையாகச் சொல்வார்.

அறிக்கையில் குறைகள் நிறைய இருப்பது சாதாரணம். பழைய படகில் குறையே இல்லை என்று எழுதியிருந்தால்தான் கவலைப்பட வேண்டும். உடனடி ஆபத்து என்று குறித்தவற்றுக்கு மட்டும் படகுக் கட்டும் தளத்திலும் எஞ்சின் டீலரிடமும் எழுத்தில் மதிப்பீடு வாங்குங்கள். அந்தத் தாளை வைத்துக்கொண்டு விலை பேசுங்கள். கிழிந்த மெத்தைக்கும் மங்கிய பாலிஷுக்கும் பேரம் பேசினால் பெரிய விஷயங்களிலும் உங்கள் பேச்சு எடுபடாமல் போகும். "நானே ரிப்பேர் பண்ணிக் கொடுத்துடறேன்" என்று விற்பவர் சொன்னால், கூடுமானவரை ஒத்துக்கொள்ளாதீர்கள். மலிவாக முடிக்கத்தான் பார்ப்பார். விலையைக் குறைத்துக்கொண்டு நீங்களே செய்வது மேல். வேறு வழியில்லாமல் ஒத்துக்கொண்டால், அதே சர்வேயர் மறுபடி வந்து பார்த்த பிறகு பணம் என்று எழுதுங்கள்.

"பார்க்க இயலவில்லை" என்ற பட்டியலைத் தனியாக எடுத்துப் படியுங்கள். எரிபொருள் தொட்டியின் அடிப்பக்கம் அதில் பெரும்பாலும் இருக்கும். தரைக்கு அடியில் பதித்த அலுமினியத் தொட்டி ஓட்டை விழுந்தால், தரையை வெட்டித்தான் எடுக்க வேண்டும். அந்தச் செலவை விலையில் கழிக்க முடியுமா என்று பேசிப் பாருங்கள். இல்லையென்றால் அந்தத் தொகையைத் தனியே ஒதுக்கி வையுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கும் இந்த அறிக்கையை அனுப்புங்கள். பழைய படகுக்குப் பாலிசி கொடுக்கும் முன் அவர்கள் கேட்கக்கூடும். சரிசெய்ய வேண்டியவற்றைச் செய்து முடித்தால்தான் பாலிசி என்று நிபந்தனை போடவும் கூடும்.

மேற்குக் கரையில் வாங்கிய படகு என்றால் வீடு வந்து சேரும் வழியையும் சர்வேயரிடம் கேளுங்கள். சின்னப் படகைத் தாழ்தள டிரெய்லரில் ஏற்றி வரலாம். அகலம் கூடினால் கடல்வழிதான்: கன்னியாகுமரியைச் சுற்றி வந்து, பாம்பன் பாலம் திறக்கும் நாளுக்குக் காத்திருந்து, பாக் நீரிணையின் ஆழமில்லாத தண்ணீரைக் கடந்து வர வேண்டும். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் நடுப்பகுதி செங்குத்தாக மேலே உயரும். கடக்கத் துறைமுக அதிகாரியின் அனுமதி வேண்டும். அத்தனை தூரத்தை இந்த எஞ்சின் தாங்குமா, வழியில் எதை உதிரியாக எடுத்துப் போக வேண்டும் என்பதை மெக்கானிக்கிடம் எழுதி வாங்குங்கள். அறிக்கையின் ஒரு நகலைப் படகை ஓட்டி வரும் ஸ்ராங்கு கையில் கொடுத்து விடுங்கள். எந்த வால்வு இறுகிக் கிடக்கிறது, எந்த பம்ப் சில நேரம் மக்கர் செய்கிறது என்பதெல்லாம் கிளம்புவதற்கு முன்பே அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.